டிரெய்லர் பிரேக்கை எந்த எண்ணில் வைப்பது?

பேராக் மாநிலத்தின் தோட்டப்புறச் சிறுநகர் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் இன்னார் என்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன். குடும்பத்துக்குச் சொந்தமான செம்பனை நிலத்தைப் பார்த்துக்கொள்வதோடு, குலை ஏற்றும் மினி டிராக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களுக்கும் வேலை செய்து தருகிறார். டிராக்டரை இடம் மாற்றுவதற்காக, ஆஸ்திரேலியாவில் ஓடிய பழைய இரட்டை அச்சு டிரெய்லர் ஒன்றை வாங்கித் தம் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். டிரெய்லரின் நான்கு சக்கரங்களிலும் மின்சார பிரேக் இருக்கிறது. அதை இயக்கும் கன்ட்ரோலரை ஒரு பட்டறை, வேறு இடமில்லை என்று சொல்லி ஓட்டுநரின் முழங்காலுக்குப் பக்கத்தில் குறுக்குவாட்டில் பொருத்தி, எண்ணை 7-இல் வைத்து, “இனிமேல் இதைத் தொடாதீர்கள்” என்று அனுப்பிவிட்டது.

டிராக்டர் ஏற்றியிருக்கும்போது வண்டி ஓரளவு ஒழுங்காகவே நிற்கிறது. டிராக்டரை ஒரு தோட்டத்தில் இறக்கிவிட்டுக் காலி டிரெய்லரோடு திரும்பும்போது, பிரேக்கைத் தொட்டாலே பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் உலுக்குகிறது, டயர் கிறீச்சிடுகிறது. ஒரு மழை நாளில் ஆலைக்குத் திரும்பும் முச்சந்தியில் டிரெய்லர் பக்கவாட்டில் வழுக்கிச் சாலையின் மறுபாதிக்குள் போய்விட்டது. எதிரே வாகனம் வராததால் தப்பினார். மலைச்சாலையில் இறங்கினால் சக்கரப் பக்கமிருந்து கருகல் வாடை வருகிறது. போதாக்குறைக்கு, டிரெய்லர் இணைக்கப்படவில்லை என்னும் குறியீடு கன்ட்ரோலரின் திரையில் அவ்வப்போது தோன்றி மறைகிறது. தோட்ட லோரி ஓட்டி ஓய்வுபெற்ற தந்தையார், “அந்தப் பெட்டியைக் கழற்றிப் போடு, கியரைக் குறைத்து இறங்கினால் போதும்” என்கிறார். மைத்துனரோ, 10-இல் வைத்தால்தான் டிரெய்லர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் என்கிறார். யார் சொல்வது சரி, எந்த எண் சரி, கன்ட்ரோலரைத் துண்டித்துவிட்டு ஓட்டி விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

எந்த எண் சரி என்ற கேள்விக்கு நீங்கள் ஓர் எண்ணையே பதிலாக எதிர்பார்க்கிறீர்கள். வண்டியை ஓட்டிப் பார்க்காமல் எவரும் அதைச் சொல்ல முடியாது. சொன்னவர் பட்டறைக்காரராகவே இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். அந்த எண், நீங்கள் பிரேக்கை அழுத்தும்போது கன்ட்ரோலர் டிரெய்லருக்கு அனுப்பக்கூடிய மின்சாரத்தின் உச்ச அளவை மட்டுமே குறிக்கிறது. அந்த மின்சாரம் சக்கரத்தில் எவ்வளவு பிடிப்பாக மாறும் என்பது பிரேக் ஷூவின் தேய்மானம், டிரம்முக்கும் ஷூவுக்கும் உள்ள இடைவெளி, வயரின் தடிமன், டிரெய்லரின் அன்றைய பாரம், சாலையின் ஈரம் ஆகிய எல்லாவற்றையும் பொறுத்தது. ஒரு டிரெய்லரில் 7 போதாமல் இருக்கும். இன்னொன்றில் அதே 7 சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். உங்களுடையதில், ஒரே டிரெய்லரிலேயே, பாரத்தோடு போகும்போது ஒன்றும் காலியாகத் திரும்பும்போது மற்றொன்றும் நடக்கின்றன.

காரணம் எளிது. மின்சார பிரேக்கில் ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, அதனோடு சேர்ந்து நகர முயலும்போது ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. அந்த நெம்புகோல் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்துகிறது. காந்தம் எவ்வளவு இறுகப் பிடிக்கும் என்பதை மின்சாரம் தீர்மானிக்கிறது. டயர் தரையை எவ்வளவு பற்றும் என்பதையோ அதன் மேல் இருக்கும் எடை தீர்மானிக்கிறது. டிராக்டரை இறக்கியதும் எடை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, மின்சாரம் மட்டும் குறையவில்லை. அதனால் சக்கரம் பூட்டிக்கொள்கிறது. பூட்டிய டயர் முன்னோக்கி வழுக்குவதோடு நிற்காது, பக்கவாட்டுப் பிடிப்பையும் இழந்துவிடும். அன்றைய மழையில், செம்மண்ணும் குலையிலிருந்து சொட்டிய எண்ணெயும் படிந்த ஆலை முச்சந்தியில் உங்கள் டிரெய்லர் மறுபாதிக்குப் போனது இதனால்தான் என்று கருதுகிறேன். மைத்துனர் சொல்கிறபடி 10-இல் வைத்திருந்தால் இன்னும் முன்னதாகவே போயிருக்கும்.

உங்கள் தந்தையார் சொன்னதில் பாதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். இறக்கத்தில் கியரைக் குறைக்கத்தான் வேண்டும். அதைச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் உங்கள் வீட்டில் இருக்க முடியாது. ஆனால் அவர் ஓட்டிய லோரியில் பாரமும் பிரேக்கும் ஒரே சட்டகத்தின் மேல் இருந்தன. உங்கள் பிக்கப்பில் இயந்திரத்தின் தடை, வண்டியின் சக்கரங்களைத்தான் பிடித்து நிறுத்தும். பின்னால் வரும், டிரெய்லரும் டிராக்டரும் சேர்ந்த 2 டன்னை அது தொடவே தொடாது. அந்த 2 டன், டிரெய்லரை மாட்டும் உருண்டையான டோ பாலின் வழியாக வண்டியின் பின்புறத்தைத் தள்ளிக்கொண்டே வரும். நேர்சாலையில் அது நிற்கும் தூரத்தை நீட்டும். வளைவில் பிக்கப்பின் வாலையே பக்கவாட்டில் திருப்பிவிடும்.

எண்ணைத் தொடுவதற்கு முன்

கன்ட்ரோலரில் எதையும் மாற்றுவதற்கு முன், அந்தத் திரைக் குறியீட்டின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்றால், நீங்கள் பிரேக்கை அழுத்தும் நேரத்தில் டிரெய்லர் பிரேக் வேலை செய்யும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இந்தக் குறை தீரும்வரை டிராக்டரை ஏற்றிச் செல்ல வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள். வேலை கெடும் என்பது தெரியும். பக்கத்தில் உள்ளவரின் லோரியைச் சில நாள் வாடகைக்கு எடுத்துச் சமாளியுங்கள்.

நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும் பெரும்பாலும் முதலில் கெடுவது, மின்சாரம் திரும்பிச் செல்லும் தரை (எர்த்) இணைப்புதான். டிரெய்லரின் தரை வயர் துருப்பிடித்த திருகு ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தால், மின்சாரம் டோ பாலின் வழியாகத் திரும்ப முயலும். கிரீஸ் பூசிய அந்த உருண்டையை நம்ப முடியாது. பிளக்கைக் கழற்றி முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தரை வயரைப் புதுப்பித்து, சுரண்டிச் சுத்தம் செய்த இரும்பில் இறுக்குங்கள். இந்த டிரெய்லரில் நீங்கள் உர மூட்டைகளும் ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு, இணைப்புகளையும் டிரம்மையும் துருவேற்றுவதில் கடலோர உப்புக்காற்றுக்குச் சளைத்ததல்ல. ஏற்றி இறக்கிய அன்றே அடிப்பகுதியை நன்னீரால் கழுவிவிடுங்கள்.

அடுத்தது அளவு. 10 அல்லது 12 அங்குல டிரம்மில் உள்ள காந்தம் ஒவ்வொன்றும் 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 12. பிரேக் வயரில், அது பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும், ஓர் ஆம்பியர் மீட்டரை இணைத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் கன்ட்ரோலரின் கைவிசையை முழுமையாகத் தள்ளச் சொல்லி அளந்து பாருங்கள். அந்த ஓர் அளவீட்டுக்கு மட்டும் கெயினை, அதாவது நாம் பேசிவரும் அந்த எண்ணை, உச்சத்தில் வைக்க வேண்டும், வண்டி நின்றபடியே இருக்க வேண்டும். 9 காட்டினால் ஒரு காந்தம் செத்திருக்கலாம். நான்கும் உயிரோடிருந்தும் குறைவாகக் காட்டினால் வயர் மெல்லியதாக இருக்கலாம். விளக்குக்குப் போடும் மெல்லிய வயரைப் பிரேக்குக்கும் இழுத்துவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. மின்சாரம் போய்ச் சேராததை எண்ணைக் கூட்டிச் சரிக்கட்டுவது, குறையைத் திரைக்குப் பின்னால் ஒளிப்பதாகும்.

பிறகு சக்கரங்களைத் தூக்கி, டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றின் ஷூ இடைவெளி தானாகச் சரியாகாது. பின்தட்டின் துவாரம் வழியாகப் பல்சக்கரத்தைத் திருகி, ஷூ டிரம்மைப் பிடிக்கும்வரை கொண்டுவந்து, லேசான உரசல் மட்டும் இருக்கும்படி பின்வாங்க வேண்டும். ஷூ புதிதாக மாற்றினால் சுமார் 300 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறையும், அதன்பின் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் இதைச் செய்வது வழக்கம்.

கன்ட்ரோலர் பொருத்தப்பட்டிருக்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருக்கலாம். வண்டி எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்பதை உணர்ந்து, அந்த விகிதத்தில் மின்சாரம் அனுப்பும் வகை உங்களுடையது என்றால், உள்ளிருக்கும் உணரி வண்டி போகும் திசையை நோக்கி இருந்தாக வேண்டும். குறுக்குவாட்டில் வைத்தால் அது வேகக் குறைவை உணராமல் வளைவுகளை உணரும். பிரேக் கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைக்காது. எந்தக் கோணத்தில் வைத்தாலும் ஓடும்போது தானே திசையைக் கற்றுக்கொள்ளும் கருவிகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ரெட்ஆர்க் தயாரிக்கும் சில கருவிகள் அப்படிப்பட்டவை. கருவியின் கையேட்டில் எந்த வகை என்று பார்த்து முடிவு செய்யுங்கள். முழங்கால் இடிக்கும் இடம் மட்டும் எந்த வகைக்குமே ஆகாது.

எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை

இத்தனையும் முடிந்த பின்னரே எண்ணுக்கு வரலாம். போக்குவரத்து இல்லாத, காய்ந்த, சமதளமான தார்ச்சாலை வேண்டும். ஞாயிறு காலையில் உங்கள் ஊர்த் தொழிற்பேட்டைச் சாலை பொருந்தும். தோட்டத்துச் செம்மண் சாலையில் செய்யும் சோதனை பயன்படாது, அங்கே எந்த எண்ணும் சக்கரத்தைப் பூட்டும். டிராக்டரை வழக்கமாக ஏற்றும் இடத்தில் ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். குளிர்ந்த பிரேக் மந்தமாக இருக்கும் என்பதால், மெதுவாக ஓட்டிச் சில முறை நிறுத்தி அதைச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

கெயினை 3 அல்லது 4-இல் வைத்துத் தொடங்குங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கால் பிரேக்கைத் தொடாமல், கன்ட்ரோலரின் கைவிசையை மட்டும் முழுமையாகத் தள்ளுங்கள். டிரெய்லர் தன் பிரேக்காலேயே பிக்கப்பையும் சேர்த்து மந்தமாக்க வேண்டும். இழுப்பே தெரியவில்லை என்றால் அரை எண் கூட்டி மீண்டும் ஓட்டுங்கள். சாலையோரத்தில் பாதுகாப்பான தூரத்தில் ஒருவர் நின்று சக்கரங்களைப் பார்க்கட்டும். உள்ளே இருக்கும் உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே சக்கரம் பூட்டுவது அவருக்குத் தெரியும். உங்கள் தந்தையாரின் கண்ணை நான் இந்த வேலைக்கு நம்புவேன். ஏதேனும் ஒரு சக்கரம் பூட்டத் தொடங்கும் எண் வரும்வரை கூட்டி, அங்கிருந்து சற்றே குறைத்து நிறுத்துங்கள். பாரத்தோடு போகும்போது உங்கள் எண் அது. உச்சத்துக்குப் போயும் டிரெய்லர் சரியாக இழுக்கவில்லை என்றால், கோளாறு பிரேக்கிலோ வயரிலோ இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, கைவிசையை விட்டுவிட்டு வழக்கம்போல் கால் பிரேக்கால் நிறுத்திப் பாருங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுவதாகத் தோன்றினால் கால் எண் கூட்டலாம். வெடுக்கென்று இழுத்தால் குறைக்கலாம். பூஸ்ட் என்னும் இன்னோர் அமைப்பு உங்கள் கருவியில் இருந்தால், அது பிரேக்கை அழுத்திய முதல் கணத்தில் டிரெய்லருக்குக் கூடுதல் பங்கு கொடுக்கும். வண்டியைவிட டிரெய்லர் கனமானதாக இருக்கும்போதுதான் அதற்குப் பெரும்பாலும் வேலை. முதலில் அணைத்தே வைத்துக் கெயினைச் சரிசெய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் எது மாறியது என்று தெரியாமல் போகும்.

டிராக்டரை இறக்கிவிட்டு முழுச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். காலி டிரெய்லருக்கான எண் மிகவும் தாழ்ந்து வரும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். இரண்டு எண்களையும் வெள்ளை டேப்பில் எழுதிக் கன்ட்ரோலருக்குக் கீழே ஒட்டிவையுங்கள். டிராக்டரின் கட்டை அவிழ்த்ததும் எண்ணை மாற்றுவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மழை பெய்தாலும் செம்மண் சாலையில் நுழைந்தாலும் அந்தந்த எண்ணிலிருந்து இன்னும் குறைக்க வேண்டும். தொடாதீர்கள் என்று பட்டறைக்காரர் சொன்னதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு பயணத்திலும் தொட வேண்டிய பொத்தான் அது.

டிரெய்லரும் டிராக்டரும் சேர்ந்து 2 டன் என்பது உங்கள் மதிப்பீடு. ஆலையின் எடைமேடையில் ஒருநாள் கேட்டு நிறுத்துப் பாருங்கள். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முதல் 15 விழுக்காடு வரை டோ பாலின் மேல் அமர வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 2,000 கிலோவுக்குக் குறைந்தது 200 கிலோ. டிராக்டரைப் பின்னுக்கு ஏற்றி முன்பாரம் குறைந்தால் டிரெய்லர் ஓடும்போதே பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் கால் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, கைவிசையை மட்டும் மெல்லத் தள்ளுங்கள். டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும்.

மலையிறக்கமும் கருகல் வாடையும்

வாடை வருகிறது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சக்கரத்திலிருந்து என்பதுதான் முக்கியம். அடுத்த முறை இறங்கி முடித்ததும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டி, தொடாமல், வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தூரத்திலிருந்தே வெப்பம் அளக்கும் கருவி இன்னும் நல்லது. ஒன்று மட்டும் தகித்தால் அங்கே ஷூ விடுபடாமல் உரசுகிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிரேக்கே இல்லை, மற்ற மூன்றும் அதன் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. நான்கும் ஒரே அளவில் தகித்தால் எண் அதிகம், அல்லது நீங்கள் இறக்கம் முழுவதும் பிரேக்கின் மேலேயே காலை வைத்திருக்கிறீர்கள். டிரம்மைக் கழற்றும்போது ஷூவில் கிரீஸ் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேரிங்கில் அளவுக்கு மீறிக் கிரீஸ் அடித்தால் அது சீலைத் தாண்டி ஷூவுக்கு வந்து கருகும். அந்த ஷூவைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது, மாற்ற வேண்டும்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட் போகும் பழைய சாலை போன்ற நீண்ட வளைவுகளில், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கை மெதுவாக நெடுநேரம் பிடிக்காமல், ஒருமுறை உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுமையாக விடுங்கள். டிரம் ஆறுவதற்கு அந்த இடைவெளி வேண்டும். கைவிசையை அழுத்தியபடியே இறங்குவது டிரெய்லர் பிரேக்கைச் சூட்டில் செயலிழக்கச் செய்யும் விரைவான வழி.

துண்டித்துவிட்டு ஓட்டலாமா?

கூடாது. உங்கள் டிரெய்லர் புறப்பட்டு வந்த ஆஸ்திரேலியாவில், பாரத்தோடு 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கே பிரேக் கட்டாயம்; 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், டிரெய்லர் கழன்று போனால் தானே பிரேக் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் நிற்கும் அமைப்பும் வேண்டும். உங்கள் டிரெய்லரின் முன்பக்கத்தில் சிறு பேட்டரிப் பெட்டியும் கம்பிக் கயிறும் இருந்தால் அது இந்த அமைப்புதான். பிக்கப்போடு இணைக்கும் பிளக்கைக் கழற்றிவிட்டு, கயிற்றின் ஊசியை இழுத்து, சக்கரங்கள் பூட்டுகின்றனவா என்று பாருங்கள். பார்த்ததும் ஊசியைத் திரும்பச் செருகிவிடுங்கள். அந்தக் கயிறு பிக்கப்பின் உறுதியான பகுதியில் தனியாக மாட்டப்பட்டிருக்க வேண்டும். டோ பாலிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ மாட்டினால், அவை கழலும்போது கயிறும் சேர்ந்து போய்விடும்.

நம் மலேசியாவில் இதெல்லாம் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன் கீழ் வருகிறது. நான் வாகனப் பொறியாளன், வழக்கறிஞன் அல்லேன். ஆயினும் இருக்கும் பிரேக்கை ஒருவர் வேண்டுமென்றே துண்டித்துவிட்டு ஓட்டி, அதனால் ஒருவர் அடிபட்டால், கழற்றச் சொன்ன தந்தையாரோ பொருத்திய பட்டறையோ முதலில் விசாரிக்கப்பட மாட்டார்கள். ஓட்டிய நீங்கள்தான் விசாரிக்கப்படுவீர்கள். அந்தச் சட்டத்தின் 41, 42, 43-ஆம் பிரிவுகள் அபாயகரமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டுவதைப் பற்றியவை. இழப்பீடு கேட்கும்போது காப்புறுதி நிறுவனம் வாகனத்தின் நிலையைக் கேள்வி கேட்கும்; பிரேக் துண்டிக்கப்பட்டிருந்தது என்பது அதற்கு வசதியான பதிலாகிவிடும். டிரெய்லர் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா, பிக்கப்பின் காப்புறுதி அதையும் உள்ளடக்குகிறதா என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. முதலாவதை ஜே.பி.ஜே. என்னும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்திலும் இரண்டாவதைக் காப்புறுதி முகவரிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறருக்காகக் கூலிக்குச் சுமை ஏற்றுவதென்றால் உரிம விதிகளும் வேறு. அதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

தரை வயரைப் புதுப்பித்த பின்னும் திரைக் குறியீடு மறையவில்லை என்றால், நான்கு காந்தங்களின் ஆம்பியர் அளவையும் தனித்தனியே குறித்து எனக்கு மீண்டும் எழுதுங்கள்.